காது வெட்டிய புத்தகம்

அந்த நாவலின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் தேடிப் பிடித்துப் படித்துவிட்டு, "இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று என்னிடமே கேட்பீர்கள். ஏற்கனவே கேட்டவர்கள் போதும். தவிர, எங்கள் நூலகத்துப் பிரதிக்கு அட்டை கிடையாது, பெயர் போட்ட பக்கம் கிடையாது. எழுதியவர் வெளிநாட்டுக்காரர் என்பதும் யாரோ நம்மவர் அதைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறார் என்பதும் பாதி கிழிந்த முன்னுரையிலிருந்து தெரியும். பழைய காலண்டர் அட்டை ஒன்றை முன்னால் ஒட்டி, அதன்மேல் நூல் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.

கதை ஒற்றைக் கொம்புக் குதிரையைப் பற்றியது. அது தன் கொம்பால் தொட்டால் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். சேதி தெரிந்த ராஜா ஆள் அனுப்பி, குதிரை தூங்குகிற நேரத்தில் கொம்பை அறுத்துக்கொண்டு போய்விடுகிறார். கொம்பு போனபிறகு அது இன்னொரு குதிரை, அவ்வளவுதான். உப்பு வியாபாரி ஒருவன் பிடித்து அதன்மேல் மூட்டை ஏற்றுகிறான். வருஷக்கணக்காகப் பொதி சுமக்கிறது. அரண்மனையில் அந்தக் கொம்பை எந்தக் கிணற்றில் முக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பொதிக் குதிரை வாய் வைத்துக் குடித்த குட்டையெல்லாம் இனிக்கிறது. அதற்குப் பிறந்த குட்டிகளுக்கும் கொம்பு இல்லை. அவை குடித்த தண்ணீரும் இனிக்கிறது. கடைசிப் பதினோரு பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல மாட்டேன். அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் ஊர்ப்புற நூலகர். பசுவந்தனைக்குப் போகிற வழியில், களத்துமேட்டை ஒட்டி ஒரே ஒரு அறை, அதுதான் நூலகம். கயத்தாற்றிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறேன். என் கணவருக்கு நான்குவழிச் சாலையோரம் பஞ்சர் கடை. இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் எடுத்துப் படித்த முதல் புத்தகம் இந்தக் குதிரைக் கதைதான். அப்போது எங்கள் சபையில் ஒரு சகோதரி, "கொம்பு வச்ச மிருகக் கதையெல்லாம் விசுவாசிக்கு ஆகாதும்மா, அது பிசாசோட சங்கதி" என்றார். "உங்க வீட்டுக் கொட்டில்ல நாலு ஆடு நிக்குதே, அதுக்கெல்லாம் கொம்பு இல்லையா?" என்று கேட்டேன். அதன்பின் அவர் என்னிடம் இலக்கியம் பேசவில்லை. என் வாய் அப்படி. அந்த வாயால் நானே கெட்ட கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மாசி கடைசியில் உளுந்தும் பாசியும் சோளமும் எடுத்து முடித்தால் கரிசல் புஞ்சைகள் மொட்டையாகக் கிடக்கும். அப்போது செம்மறி ஆட்டுக்காரர்கள் வருவார்கள். பகலெல்லாம் மேய்த்துவிட்டு, இரவில் ஒரு புஞ்சையில் ஆடுகளை மொத்தமாகக் கிடை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். எங்கள் ஊர்ப்பக்கம் ஐந்து குடும்பங்கள் ஒன்றாக வந்து சித்திரை வரை தங்கும். அந்த ஐந்து குடும்பத்தில் ஒரு அக்கா மட்டும் என் நூலகத்தில் உறுப்பினர். ஐம்பதைத் தாண்டியவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒவ்வொரு வருஷமும் வந்த மறுநாளே நூலகத்துக்கு வந்து அதே குதிரைக் கதையைத்தான் கேட்பார்.

"வேற நல்ல புத்தகமெல்லாம் வந்திருக்குக்கா" என்று ஒருமுறை சொன்னேன்.

"இது முடியட்டும் டீச்சர். முடியாம இன்னொண்ணைத் தொடலாமா" என்றார். படித்த பெண் யாராக இருந்தாலும் இந்தப் பக்கம் டீச்சர்தான், நானும் திருத்துவதில்லை.

மூன்று வருஷமாக ஒரு புத்தகத்தைப் படிக்கிறாரே, அப்படி என்ன மந்தம் என்று மனதுக்குள் சிரித்தும் இருக்கிறேன். ஒத்துக்கொள்கிறேன்.

போன பங்குனியில் தவணை முடிந்து புத்தகத்தைப் புதுப்பிக்கக் கொண்டுவந்தார். தேதி முத்திரை குத்துவதற்காகத் திறந்தபோது ஓரங்களைப் பார்த்தேன். பக்கங்களின் முனையிலும் ஓரத்திலும் வெட்டுகள். ஒன்றிரண்டு இல்லை, ஏழெட்டுப் பக்கத்துக்கு ஒன்று என்று புத்தகம் முழுக்க. அதற்கு முந்தைய வருஷங்களிலும் இருந்திருக்க வேண்டும். நான் பார்த்திருக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து பார்க்காமலேயே முத்திரை குத்துகிற நூலகர் நான் என்பது அன்றைக்கு எனக்கே தெரிந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து அந்த அக்காமேல் காட்டினேன்.

"ஆடு கடிக்க விட்டுட்டு வேடிக்கை பாத்தீங்களாக்கா?"

"எங்க ஆடு காகிதம் திங்கிற ஆடு இல்ல" என்றார் அமைதியாக.

"அப்ப யாரு கடிச்சா? நீங்களா?"

ஓய்வுபெற்ற பெரியவர்கள் இரண்டு பேர் தினமும் செய்தித்தாள் படிக்க வருவார்கள். அவர்கள் தாளைத் தாழ்த்திப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க எனக்கு வாய் இன்னும் நீண்டது. பொதுச்சொத்து, பொறுப்பு, உங்களை மாதிரி ஆட்களுக்குப் புத்தகம் கொடுத்ததே தப்பு என்று என்னென்னவோ பேசினேன். உறுப்பினர் அட்டையை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன்.

"இன்னும் பதினோரு பக்கம் இருக்கு டீச்சர்" என்றார்.

"புத்தகத்தையே வெட்டி வச்சிட்டு என்கிட்ட பக்கக் கணக்கு சொல்லுதீங்களா?"

அவர் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். உங்களை மாதிரி ஆட்கள் என்று சொன்னேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. எனக்கு அந்த வார்த்தை புதிதில்லை. எத்தனையோ பேர் என்னைப் பார்த்துச் சொல்லி, கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை அது.

அந்த வாரக் கடைசியில் புத்தகத்தைக் கோவில்பட்டிக்கு எடுத்துப் போனேன். மார்க்கெட் பக்கம் பைண்டிங் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். மூன்று ஓரத்தையும் எந்திரத்தில் கொடுத்து அரை விரல் அளவுக்கு நறுக்கிவிட்டால் வெட்டெல்லாம் போய்விடும், புதுப் புத்தகம் மாதிரி ஆகிவிடும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஊரைத் தாண்டி இரண்டு மைல் போயிருப்பேன். ஆட்டு மந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு குறுக்கே போனது. வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி நின்றேன்.

ஒரு செம்மறி என் முன்சக்கரத்தை உரசிக்கொண்டு போனது. அதன் காதின் கீழ் ஓரத்தில் பிறைவடிவில் ஒரு வெட்டு. அடுத்த ஆட்டுக்கும் அதே பிறை. அதற்கடுத்ததற்கும் அதே. எந்த ஆடு யாருடையது என்று தெரிவதற்காகக் குட்டியிலேயே காதில் வெட்டி வைக்கிற அடையாளம். இந்தச் சீமையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அந்தப் பிறையை நான் வேறெங்கோ பார்த்திருந்தேன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். அறுபத்தொன்றாம் பக்கம், கீழ் ஓரத்தில் பிறை. எண்பதிலும் பிறை. நூற்று நாற்பதிலும். நடுவே வேறு வெட்டுகள்: முனையை இரண்டாகப் பிளந்த வெட்டு, மேல் ஓரத்தில் முக்கோணம், அடுத்தடுத்து இரண்டு கீறல், முனையை நேராக நறுக்கியது. எண்ணிப் பார்த்தேன். ஐந்தே வகை.

மந்தைக்குப் பின்னால் தொரட்டியோடு வந்தவர் ஐந்து குடும்பத்தில் ஒருவர். "என்ன டீச்சர், வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார்.

நூற்று நாற்பதாம் பக்கத்தை அவரிடம் காட்டினேன்.

"ஆமா, அது எங்க வெட்டு. அங்கனதான் நிக்குதேன்" என்றார், பஸ் நிறுத்தத்தைக் காட்டுகிற மாதிரி. "ஆளுக்கொரு திசைக்கு மேய்க்கப் போறோம். புத்தகம் ஒண்ணுதான இருக்கு? முறை வச்சு எடுத்துட்டுப் போவோம். துண்டுத்தாள் வச்சா காத்து கொண்டுட்டுப் போயிருது. மடிச்சா எல்லாரும் மடிப்பாவ, யார் மடிப்புன்னு எப்படித் தெரியும்? அதான் அவிய அவிய வெட்டு."

நான் அந்தப் பிறையைத் தடவிப் பார்த்தேன். அவர் மேலே பேசிக்கொண்டே போனார். "கொம்பை அறுத்தான்னு போட்டிருக்கானே, அறுத்த இடத்துல சாம்பல் வச்சானா, என்ன வச்சான்னு போடவே இல்ல. ரத்தம் எப்படி நிக்கும்? எழுதுனவன் ஆடு மாடு வளத்தவன் இல்லன்னு அங்கனயே தெரிஞ்சு போச்சு. ஆனா கதை நல்லாத்தான் போவுது. எப்ப டீச்சர் புத்தகம் திரும்ப வரும்?"

பைண்டருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன். அரை விரல் அளவுக்கு நறுக்கினால் போதும் என்றாரே, அந்த அரை விரலுக்குள்தான் ஐந்து குடும்பம் மூன்று வருஷமாகப் படித்தது முழுக்க இருந்தது. அதை வெட்டி எறியத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். ஐந்து வீடு சேர்ந்து ஒரே பிரதியை முறை வைத்துப் படித்தால் மூன்று வருஷம் ஆகத்தான் செய்யும். மந்தம் யாருக்கு என்பதும் புரிந்தது.

அந்த அக்கா உடைமரத்தடியில் இருந்தார். மதிய வெயிலில் ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையைக் கொடுத்து நின்றன. வழியில் நூலகத்தைத் திறந்து எடுத்து வந்த உறுப்பினர் அட்டையையும் புத்தகத்தையும் அவர் முன்னால் வைத்தேன்.

"ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க கேக்கலியே" என்றார். "கடிச்சது ஆடா, நானான்னுதான கேட்டீங்க."

"தப்பு என் மேலதான். மன்னிச்சிருங்க."

அவர் உடனே மன்னித்துவிடவில்லை. அதை நான் மரியாதையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அட்டையை எடுத்து இடுப்பில் செருகினார். புத்தகத்தை என் பக்கமே தள்ளினார். "எனக்கு இங்கன வச்சுப் படிக்க வேண்டாம். நாலு பேருக்கு முன்னால உங்க இடத்துல வச்சுத்தான என்னைப் பேசுனீங்க? அங்கனயே வந்து, அந்த நாலு பேருக்கு முன்னால உக்காந்து படிச்சு முடிக்கேன். அப்புறம் மத்தவிய எடுத்துக்கிடட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாளிலிருந்து மதியம் மதியம் வந்தார். செய்தித்தாள் மேசையில், பெரியவர்களுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசைய, ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம், மிஞ்சினால் இரண்டு. நடுவில் நிறுத்தி எனக்கு விமர்சனமும் சொல்வார். "தப்பு யார்மேல தெரியுமா டீச்சர்? காதுல குறி வெட்டாம விட்டாங்க பாருங்க, அவங்க மேல. கொம்பை நம்புனா இப்படித்தான். காதுல வெட்டு இருந்தா உப்புக்காரன் எப்படி அதை என் குதிரைன்னு ஓட்டிட்டுப் போவான்?" எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் புத்தகங்களைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருவரும் பேசியதில்லை. பெரியவர்களில் ஒருவர் நான்காம் நாள், "பிறகு அந்தக் குதிரை என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள், இன்னும் நான்கு பக்கம் மீதியிருக்கும்போது, இருப்புச் சரிபார்க்க அதிகாரி வந்தார். வருவார் என்று தெரியும், அன்றைக்கு என்று தெரியாது. அட்டை இல்லாதது, கிழிந்தது, ஓரம் சேதமானது எல்லாவற்றையும் கழிவுப் பட்டியலில் ஏற்றிச் சாக்கில் கட்ட வேண்டும். கோவில்பட்டிப் பழைய தாள் கடைக்குப் போய்விடும். காலையிலிருந்து இரண்டு சாக்கு நிறைந்திருந்தது. மதியம் அவருடைய கண் மேசைக்குப் போனது.

"அந்தக் காலண்டர் அட்டை போட்டது எந்த நம்பர்? ஓரமெல்லாம் போயிருக்கே. அதுதான் முதல்ல போகணும்." அக்காவிடம் கையை நீட்டினார். "அம்மா, புத்தகத்தைக் கொடுங்க."

"இன்னும் நாலு பக்கம் இருக்கு" என்றார் அவர், வரியிலிருந்து விரலை எடுக்காமல்.

"அது கழிவுல போற புத்தகம்மா. வேற நல்ல புத்தகம் எடுத்துக்கங்க."

"இது முடியட்டும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். எனக்கு இந்த வேலை வேண்டும். பஞ்சர் கடையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மேசையில் அந்த அக்காவை ஒருமுறை எழுப்பி அனுப்பியவள் நான்தான். இன்னொரு முறை என்னால் முடியாது.

"வாசகர் படிச்சிட்டிருக்காங்க சார். உக்காருங்க" என்றேன்.

உட்கார வேறு நாற்காலி இல்லை. சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா ஒரு முறை தொண்டையைச் செருமினார். அதுவரை உதட்டுக்குள் படித்தவர், வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். எழுத்துக்கூட்டி, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக நான்கு பக்கம். பெரியவர்கள் தாளை மடித்து வைத்துவிட்டார்கள். அதிகாரி முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் பார்க்கவில்லை. குதிரையின் கடைசிக் குட்டி எங்கே போனது என்பது வந்தபோது பெரியவர் ஒருவர் "அடப் பாவமே" என்றார்.

"நல்லாத்தான் முடிச்சிருக்கான்" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "கத்தரிக்கோல் இருக்கா டீச்சர்?"

எடுத்துக் கொடுத்தேன். நானே இழுப்பறையைத் திறந்து, அதிகாரியின் கண் முன்னால், கைப்பிடி அக்கா பக்கம் இருக்கும்படி நீட்டினேன். கடைசிப் பக்கத்தின் முனையை இரண்டாகப் பிளந்து வெட்டினார். அவருடைய ஆடுகளின் காதிலிருக்கிற அதே வெட்டு.

"என்னம்மா பண்றீங்க? கவர்மெண்ட் புத்தகம்" என்றார் அதிகாரி.

"இது எங்க அடையாளம் சார். நான் முழுசும் படிச்சாச்சுன்னு அர்த்தம்" என்றார். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்துவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. நான் ஒவ்வொரு வெட்டாகக் காட்டிச் சொன்னதை நின்று கேட்டார். ஆனால் கேட்டு முடித்ததும், "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா நான் பார்த்ததை எழுதித்தான் ஆகணும்" என்றார். "எழுதுங்க சார்" என்றேன். சாக்குகளைக் கட்டும்போது புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தேன். அவரும் மடியிலிருந்து பிடுங்கவில்லை. மறுநாளே பிறை வெட்டுக்காரர் வந்து அதை எடுத்துப் போனார்.

சித்திரையில் குறிப்பாணை வந்தது. கூடவே நான் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டிய ஒரு படிவம். நூல் எண். சேதத்தின் தன்மை. சேதப்படுத்தியவர் பெயர். எடுத்த நடவடிக்கை.

"எலி கடிச்சிட்டுன்னு எழுதிட்டுச் சும்மா இரு. எலி மேல கேஸ் போடவா போறாங்க" என்றார் என் கணவர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எலி என்று எழுதிவிட்டால் எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம். அந்த வாரம் கிடையைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். போய் அக்காவிடம் சொன்னேன். அதற்குள் மற்ற நான்கு வீட்டாரும் படித்து முடித்திருந்தார்கள்.

"பயப்படாதீங்கக்கா. உங்க பேரு எதுலயும் வராது. எலின்னு எழுதிடுதேன்."

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எலியா? மூணு வருஷம் படிச்சது எலியா டீச்சர்?"

"உங்களுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாதுன்னுதான்."

"எங்க பேரு இதுவரைக்கும் ஆபீஸ் தாள்ல ஏறுனதெல்லாம், அங்கன மேச்சான், இங்கன பயிரை அழிம்பு பண்ணுனான்னுதான். ஒரு புத்தகத்தை முதப் பக்கத்துல இருந்து கடேசிப் பக்கம் வரைக்கும் படிச்சவன்னு ஒரு தடவை ஏறட்டுமே. எம் பேரை எழுதுங்க. அப்பன் பேரையும் சேத்து முழுசா எழுதுங்க."

மற்ற நான்கு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து பெயரைச் சொன்னார்கள். ஒருவர் தன் பெயரைத் தப்பில்லாமல் எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தார். ஸ்கூட்டர் இருக்கையை மேசையாக வைத்து அங்கேயே பூர்த்தி செய்தேன். சேதத்தின் தன்மை என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். சேதப்படுத்தியவர் பெயர் என்று அச்சடித்திருந்ததைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, படித்தவர்கள் என்று எழுதினேன். ஐந்து பெயருக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. ஓரத்தில் இறக்கி எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவரவர் வெட்டை வரைந்தேன். ஆறாவதாக என் பெயரை எழுதினேன். எனக்கு ஆடு கிடையாது, அதனால் கையெழுத்துப் போட்டேன்.